மீட்டர்க்காரரைக் கேளுங்கள்: பென்சன் பணமும் வீட்டு பில்லும்

"வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாதாமாதம் வரும் வீட்டு பில்லைக் குறைப்பது பற்றி எழுதிக் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஜெலுத்தோங் வாசகர் ஒருவர் ஆறு மாத பில்லையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார். ஐயா, அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டு முகவரியும் கணக்கு எண்ணும் அதில் இருக்கிறது, இனிமேல் யாருக்கும் அப்படி அனுப்பாதீர்கள்.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் மின்சார வாரியமாக லெம்பாகா லெத்ரிக் நெகாரா இருந்த காலத்தில் மீட்டர் படிக்கச் சேர்ந்தவன் நான். 1990-இல் அது தெனாகா நேஷனல் ஆனபிறகும் அதே வேலை, அதே வெயில், அதே நாய்கள். பினாங்குத் தீவில் நான் ஏறாத பிளாட் மாடிப்படி குறைவு. இப்போது நானும் பென்சன்காரன்தான். முதல் தேதியில் கை நிறைவதும் இருபதாம் தேதியில் கை காய்வதும் எனக்கும் தெரியும்.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஆயர் ஈத்தாமில் பிளாட்டில் இருக்கிறோம். போன மாதம் 412 யூனிட், லைட் பில் 125 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். செலவைக் குறைக்க ஏர்கோனை நிறுத்திவிட்டோம். அவருக்கு ரத்தக் கொதிப்பு, புழுக்கத்தில் தூக்கமே இல்லை. வேறு எதைக் குறைக்கலாம்?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: முதலில் ஏர்கோனைப் போடுங்கள் அம்மா. கொதிப்புள்ளவர் தூங்காமல் கிடப்பதைவிடப் பெரிய செலவு எதுவும் இல்லை. 26 டிகிரியில் வைத்து, மேலே காற்றாடியை மெதுவாகச் சுழல விட்டால் இன்னும் குறைத்து வைத்த மாதிரியே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளிருக்கும் வலையைக் குழாயடியில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். தூசி அடைத்த ஏர்கோன் மூச்சு முட்ட ஓடும், கரண்டையும் இழுக்கும்.

இனி குறைக்க வேண்டியது. நான் ஓய்வு பெற்ற மாதம் எங்கள் வீட்டு பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "இத்தனை வருசம் ஊரார் வீட்டு மீட்டரைப் பார்த்தீங்க, நம்ம வீட்டு மீட்டர என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" பார்த்ததில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு விளக்கு, காற்றாடி, டிவி எல்லாவற்றையும் அணைத்தேன். ஐஸ்பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

டிஜிட்டல் மீட்டரில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 1000. எதுவுமே ஓடவில்லை என்றால் சிமிட்டக் கூடாது. எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் பத்து தடவை சிமிட்டியது. மணிக்கு 120 சிமிட்டல், அதாவது 120 வாட். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 யூனிட், மாதத்துக்கு 86. 'எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வீட்டில்!

டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினோம். சாமி மேடையில் இரண்டு சிவப்பு பல்பு, ஒவ்வொன்றும் 15 வாட், இரவும் பகலும் எரிகிறது. அது மட்டும் மாதம் 21 யூனிட்டுக்கு மேல். அடுப்படியில், அமுக்கினால் சுடுதண்ணீர் கொட்டுகிற மின்சாரப் பிளாஸ்க். எப்போதோ வரப்போகும் விருந்தாளிக்காக இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீரைச் சூடாகவே வைத்திருந்தது. டிவி பெட்டிக்குக் கீழே டிகோடர், தொட்டால் கையைச் சுட்டது. ரைஸ் குக்கரில் மத்தியானம் வடித்த சோறு ராத்திரி வரைக்கும் 'வார்ம்' பொத்தானில்.

சாமிக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் வீட்டில் எடுபடாது. இரண்டு பல்பையும் கழற்றிவிட்டு ஒரு வாட் எல்இடி சிவப்பு விளக்கு மாட்டினோம். இப்போது இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஒன்றரை யூனிட்கூட வராது. சுடுதண்ணீருக்குப் பழைய வெற்றிடப் பிளாஸ்க் வந்தது. டிகோடருக்குச் சுவிட்ச் உள்ள நீட்டிப்பு வயர். சோறு வெந்ததும் குக்கரின் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம், மூடி திறக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரம் சூடு தாங்கும்.

அப்புறம் ஐஸ்பெட்டி. கதவு ரப்பருக்கு நடுவே ஒரு வெள்ளி நோட்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் மாற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதற்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டாம். பெட்டிக்கே பதினைந்து வயது தாண்டியிருந்தால் யோசிக்கலாம். அப்போது கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம்தான் கரண்டைக் குறைவாகக் குடிப்பது.

இதெல்லாம் சில்லறைக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டண முறை மாறிவிட்டது. நம்மில் பலர் இன்னும் பழைய கணக்கையே மனதில் வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த நூறுக்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது 1,500 யூனிட் வரை எல்லா யூனிட்டுக்கும் அடிப்படை விலை ஒன்றுதான். எரிசக்தி, கொள்ளளவு, கம்பித்தடம் என்று பில்லில் பிரித்துப் போட்டிருக்கும் மூன்றையும் கூட்டினால் 44.43 சென். அதிலிருந்து, குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு தள்ளுபடி. உங்கள் மாத மொத்தம் எந்தப் படியில் வந்து நிற்கிறதோ, அந்தப் படியின் தள்ளுபடி அத்தனை யூனிட்டுக்கும் கிடைக்கும்.

நீங்கள் 412-இல் இருக்கிறீர்கள். 401 முதல் 450 வரை உள்ள படி, தள்ளுபடி 14.5 சென். 350-க்குள் வந்துவிட்டால் தள்ளுபடி 21 சென். பில் 125-இலிருந்து 83 வெள்ளிக்கு இறங்கும். குறைத்தது 62 யூனிட், மிச்சம் 42 வெள்ளி. இன்னும் இறங்கி 300-க்குள் வந்தால் 66 வெள்ளிக்குச் சில சென் குறைவு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குக் கட்டுகிற 1.6 விழுக்காடும் இல்லை.

அந்த 62 யூனிட் எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டைப் போலத்தான் இருக்கும், சாமி மேடையிலும் அடுப்படியிலும் டிவிக்கு அடியிலும் தேடுங்கள். ஏர்கோனில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: பிறையில் சொந்த வீடு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள். பில் என் பெயரில், கட்டுவதும் நான். மாதம் 640 யூனிட் ஆகிறது. 'நேரத்துக்கு ஏற்ற கட்டணம்' என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு மாறினால் குறையுமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பிறை)

பதில்: ஆசிரியர் ஐயா, அந்தத் திட்டத்தில் வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை விலை கூடுதல். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளும் விலை குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு 4 சென் போல. விலை கூடுகிற அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு அது லாபம். உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதே இரண்டு மணிக்கு. சமையல், டிவி, டியூஷன், ஏர்கோன் எல்லாம் விலை கூடுகிற நேரத்தில்தான் நடக்கும். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாலும் மாதம் சில வெள்ளிதான் மிஞ்சும். மாறுவதில் தப்பில்லை, ஆனால் உங்கள் பிரச்சினை அது இல்லை.

உங்கள் பிரச்சினை 600 என்கிற எண். 600 யூனிட்டில் நின்றால் பில் 212 வெள்ளி 58 சென், அதோடு அந்த 1.6 விழுக்காடு. 600-ஐத் தாண்டிய உடனே நான்கு அடி விழுகிறது. தள்ளுபடி 9 சென்னிலிருந்து 7.5-க்கு இறங்கும், அதுவும் 640 யூனிட்டுக்கும் சேர்த்து. அதுவரை இல்லாத 'ரீடெய்ல்' கட்டணம் 10 வெள்ளி வந்து ஒட்டும். மாதாமாதம் கூடியும் குறைந்தும் மாறுகிற எரிபொருள் சரிக்கட்டல் சேரும். 600-க்கு மேல் போன பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி. கடைசி இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தாலே 640 யூனிட்டுக்கு 246 வெள்ளி 35 சென். அந்த நாற்பது யூனிட்டுக்கு மட்டும் 34 வெள்ளி கொடுக்கிறீர்கள். யூனிட் 84 சென்! கடைத்தெருவில் யாராவது இந்த விலை சொன்னால் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

நாற்பது யூனிட்டைக் குறைக்க யாரும் வியர்க்க வேண்டியதில்லை. இரண்டு அறை ஏர்கோனிலும் டைமர் இருக்கும். காலை ஆறு மணிக்கு அணைவதை ஐந்துக்கு மாற்றுங்கள். அறை குளிர்ந்துதான் கிடக்கும், தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. இரண்டு அறைக்கும் சேர்த்து மாதத்தில் அந்த நாற்பது ஏறக்குறைய வந்துவிடும். போதாவிட்டால் குளியலறை ஹீட்டரைப் பாருங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டரை ஒருவர் பத்து நிமிடம் போட்டால் 0.6 யூனிட். ஆறு பேர் குளிக்கிற வீட்டில் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியிருந்தால் தெனாகாவின் மைடிஎன்பி செயலியில் அன்றாடம் எத்தனை யூனிட் ஆனது என்று தெரியும். பேரப்பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள். இருபதாம் தேதிக்குள் 400-ஐத் தாண்டினால் தாத்தாவிடம் வந்து சொல்ல வேண்டும்.

யார் கட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் "கட்டுவதும் நான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. மகனிடம் "பாதி கொடு" என்று கேட்பது கஷ்டம், எனக்கும் வராது. எங்கள் தெருவில் ஒருவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பில்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மகனின் கைத்தொலைபேசியில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இனிமே நீயே பார்த்துக் கட்டிடு, நான் பாதி கொடுத்துடறேன்" என்றார். மூன்றாவது மாதம் மகனே அறை அறையாகப் போய் சுவிட்சை அணைக்க ஆரம்பித்துவிட்டார். பாதியையும் வாங்கவில்லை.

கேள்வி: தண்ணீர் பில் திடீரென்று இரண்டு மடங்கு. வீட்டில் நான் ஒருவன்தான். மீட்டர் கெட்டுவிட்டதா?
(தனியாக வாழும் வாசகர், சுங்கை டுவா)

பதில்: மீட்டர் கெட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும், இது என் அனுபவம். ராத்திரி குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். விடிந்து முதல் வேலையாக மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. தனி ஆள் வீட்டில் பத்துக்கு எட்டு கழிப்பறைத் தொட்டிதான். கடையில் விற்கும் சிவப்பு ரோஸ் சிரப்பில் இரண்டு கரண்டியைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கீழே கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீர் இழுக்காமலே சிவப்பு இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வால்வு தேய்ந்துவிட்டது. சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

பினாங்கில் தண்ணீர் விலை குறைவு என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. 2024 ஜனவரியில் நான்கு நாள் தண்ணீர் நின்றபோது வாங்கிய நீலத் தோம்பு (பிளாஸ்டிக் பீப்பாய்) உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை மழைக்குக் கூரையடியில் வைத்தால் பூச்செடிக்கும் வாசல் கழுவவும் ஆகும். மூடி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அபராதம் கட்டும்படி ஆகிவிடும்.

கேள்வி: வயது 68. கணவர் காலமாகி இரண்டு வருடம். டிவி சந்தா, வீட்டு இணையம், கைத்தொலைபேசி என்று மூன்றுக்கும் சேர்த்து மாதம் 330 வெள்ளி போகிறது. எல்லாம் அவர் போட்டது. எதை நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில்.
(வாசகி, பாயான் பாரு)

பதில்: அம்மா, 330 வெள்ளி என்றால் வருடத்துக்கு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மின்சாரத்தை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். நாம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான், ஏனென்றால் பேங்கிலிருந்து தானாகவே வெட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அலைவரிசையை உண்மையில் பார்த்தீர்கள் என்று. என் மனைவி எழுதியபோது மூன்று அலைவரிசை தேறியது. விளையாட்டுத் தொகுப்பு எங்கள் மகன் இருந்தபோது போட்டது, அவன் கல்யாணமாகிப் போய் ஏழு வருடம். உங்கள் வீட்டில் அவர் கிரிக்கெட் பார்த்திருப்பார். அதைத் தனியாக நீக்கச் சொல்லலாம், முழுச் சந்தாவையும் வெட்ட வேண்டாம். முழுதாகவே வேண்டாம் என்றால், மாதக் கட்டணமில்லாத என்ஜோய் (NJOI) பெட்டி ஒன்று. அதுவும் வேண்டாம் என்றால் மைடிவி (MYTV) டிஜிட்டல் அலைவரிசைகள் இலவசம், அதில் டிவி2-வின் தமிழ்ச் செய்தி வரும். பாட்டுக்கு மின்னல் எஃப்எம் என்றைக்கும் சும்மாதான்.

இணையத்துக்குப் போனை எடுங்கள். உங்கள் கணவர் போட்ட இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்திருக்கும். முடிந்தபின்னும் பழைய விலையையே கட்டிக்கொண்டிருப்போம், இப்போது அதே நிறுவனத்தில் குறைந்த விலையில் வேகமான திட்டம் வந்திருக்கும். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நிறுத்தப் போகிறேன்" என்று சொல்லுங்கள். உடனே வேறொருவரிடம் மாற்றிவிடுவார்கள். அந்த இரண்டாவது ஆள்தான் விலையைக் குறைக்க அதிகாரம் உள்ளவர். "மூத்த குடிமக்களுக்கு என்ன திட்டம் இருக்கிறது?" என்று கேளுங்கள். சரி என்று சொல்லும் முன்பு, புதிதாக எத்தனை மாதம் கட்டிப் போடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதாக இருந்தால் என் கதையைக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் இணையத்தை நிறுத்திவிட்டு, மோடத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பையன் "சரி அங்கிள்" என்றான். நானும் வந்துவிட்டேன். ரசீது வாங்கவில்லை. ஏழு மாதம் கழித்து மோடம் திருப்பித் தரவில்லை என்று கடன் வசூல் கடிதம் வந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பில் கொடுத்தவன், ஒரு ரசீது கேட்காமல் வந்தேன் பாருங்கள். கடைசியில் மூன்று தடவை எழுதி, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேட்டு, பிறகுதான் முடிந்தது. ஆகவே கொடுக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் முத்திரை போட்ட ரசீது. அந்தப் பெட்டியின் பின்னால் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இன்னொன்று, கணக்கு அவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலோடு நேரில் போங்கள். ஒப்பந்தம் மீதி இருந்தாலும் அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். கைத்தொலைபேசியை முன்பணத் திட்டத்துக்கு மாற்றினால் உங்கள் தேவைக்கு மாதம் முப்பது வெள்ளி போதும். எண் மாறாது, பிள்ளைகளின் வீடியோ அழைப்பு வீட்டு வைஃபையிலேயே வரும்.

கேள்வி: மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) பிரீமியம் மாதம் 290 வெள்ளியாக இருந்தது, இப்போது 410 என்கிறார்கள். வயது 64. என் பென்சன் 2,100. கார்டை விட்டுவிடலாமா?
(அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: கோபத்தில் விடாதீர்கள். இந்த வயதில் விட்டால் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு.

2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சில இடைக்கால விதிகள் போட்டது. விலையேற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்ப வேண்டும், 2026 இறுதி வரை அது நடப்பில் இருக்கும் என்பது ஒன்று. 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, அந்தக் காப்பீட்டு வகையின் ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் ஏற்றம் கிடையாது என்பது இன்னொன்று. உங்களுக்கு இந்த விதிப்படிதான் கணக்குப் போட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்டிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டால், வாய்ப்பேச்சாகவே பதில் வரும்.

இரண்டாவது, 2024 செப்டம்பரிலிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் 'பகிர்ந்து கட்டும்' திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பங்கை நாம் கட்டுவோம், அதற்கு ஈடாகப் பிரீமியம் குறையும். அவசர சிகிச்சை, புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் ஆஸ்பத்திரியில் தங்காமல் பெறும் தொடர் சிகிச்சை, அரசாங்க ஆஸ்பத்திரி இவற்றுக்கு அந்தப் பங்கு கேட்கக் கூடாது. 410-க்கும் 0-க்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது, ஏஜெண்டே எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றும் உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அரசாங்கப் பென்சன்காரர் நீங்கள். உங்களுக்கும் உங்கள் துணைவிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு மாத்திரைக்குத் தனியார் கிளினிக்கில் மாதம் 150, 200 என்று கொடுக்கிறவர்களை நான் பார்க்கிறேன். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் 60 வயது தாண்டிய குடிமகனுக்குப் பதிவுக் கட்டணம்கூட இல்லை. வரிசை நீளம்தான். முதல் தடவை காலை ஏழரைக்கே போய் உட்கார்ந்தேன், வெளியே வரும்போது பசியாற நேரம் தாண்டி மதியச் சாப்பாட்டு நேரம். அடுத்தடுத்த தடவை நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். மீதி மாத மருந்தைத் தபாலில் அனுப்பவும் கேட்கலாம், தபால் செலவு மட்டும் நம்முடையது. கிராப் வாடகைக் கார் ஏறிப் போய் வருவதைவிட அது குறைச்சல்தான்.

சின்னச் சின்னதாகக் கேட்டவர்களுக்கு ஒரே மூச்சில் பதில்.

கேஸ் தோங் (சிலிண்டர்) விலை கடைக்குக் கடை மாறுகிறதே என்று பட்டர்வொர்த் வாசகி கேட்டிருக்கிறார். 14 கிலோ தோங்குக்கு அரசாங்கம் வைத்திருக்கும் விலை 26 வெள்ளி 60 சென், கிலோ 1.90. அதற்கு மேல் கேட்பது வீட்டுக்குக் கொண்டுவருகிற கூலி. நாலாவது மாடிக்குத் தூக்கி வருகிற பையனுக்கு அந்தக் கூலி நியாயம்தான். தரை வீட்டில் இருப்பவர்கள் பேரம் பேசலாம். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பருப்பை ஊறப்போடாமல் வேகவைப்பதை நிறுத்தினாலே தோங் நான்கைந்து நாள் கூட ஓடும். இது என் மனைவியின் கணக்கு, நான் அளந்து பார்க்கவில்லை.

வீட்டு வரியை மறந்து அபராதம் கட்டியவருக்கு: பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி, இந்த இரண்டு தேதியையும் நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். நில வரி மே 31-க்குள். மாநில அரசின் ஐ-செஜாத்ரா திட்டத்தில் பினாங்கு வாக்காளராக இருக்கும் மூத்தவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு தொகை வருகிறது. நான் அதைத் தொடாமல் வீட்டு வரிக்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

காரை எப்போதாவதுதான் எடுக்கிறேன், லைசன்ஸ் போடாமல் விட்டுவிட்டேன் என்கிறார் ஒருவர். அண்ணே, முதல் காரியமாகப் புதுப்பியுங்கள். லைசன்ஸ் இல்லாமல் காரை எடுப்பதே குற்றம். அதோடு, 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 மானியத்தில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்க மைகார்டு அடையாள அட்டையும் செல்லுபடியாகும் லைசன்சும் வேண்டும். வருடத்துக்கு 30 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் கொடுக்கிறீர்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டிவரும். காரே வேண்டாம் என்றால் ரேப்பிட் பினாங்கு பஸ்சில் 60 வயதுக்கு மேல் சலுகை அட்டைக்குப் பாதிக் கட்டணம். ஜார்ஜ்டவுனுக்குள் கேட் (CAT) பஸ் இலவசம். நான் லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்கப் போவது அதில்தான், பார்க்கிங் காசும் மிச்சம்.

கடைசியாக ஒரு கடிதம், கோலாலம்பூரிலிருந்து.

கேள்வி: அப்பாவுக்கு வயது 74, தஞ்சோங் தொக்கோங்கில் தனியாக இருக்கிறார். பில்லைக் குறைக்கிறேன் என்று ராத்திரியில் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் குளியலறை வாசலில் தடுக்கி விழப் பார்த்தார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார், உங்கள் பகுதியைத் தவறாமல் படிப்பவர்.
(மகள், கோலாலம்பூர்)

பதில்: அப்படியானால் இதை அவருக்கே எழுதுகிறேன். அண்ணே, உங்கள் வயதும் அனுபவமும் எனக்குத் தெரியும். பழைய 60 வாட் பல்பு காலத்து ஆட்கள் நாம், விளக்கை அணைக்காமல் போனால் அப்பாவிடம் அடி வாங்கியிருப்போம். இப்போது உங்கள் கூடத்தில் இருப்பது 9 வாட் எல்இடி. தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 1.35 யூனிட். தனி ஆள் நீங்கள், 200 யூனிட்டைத் தாண்ட மாட்டீர்கள். அந்தப் படியில் தள்ளுபடி 25 சென், ஆகவே யூனிட் 19.43 சென்தான் விழும். கூடத்து விளக்குக்கு மாதம் 26 சென். கோப்பிக் கடையில் இந்தக் காசுக்கு வெறும் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

குளியலறைக்குப் போகிற வழியில் 3 வாட் இரவு விளக்கு ஒன்றைச் செருகி, விடிய விடிய எரிய விடுங்கள். பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் 18 சென் ஆகாது. உங்கள் மகள் அடுத்த தடவை வரும்போது அதை வாங்கி வரட்டும், பிளக்கில் தானே செருகிவிட்டுப் போகட்டும். நீங்கள் அதைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.